விலை இறங்கிய மாரி

அந்தக் காரைக் கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றி, தார்ப்பாய்ப் படங்கால் மூடிக் கட்டிக் கொண்டுவந்தார்கள். செட்டிபாளையத்தில் பிரதான வீதியோரம் எங்கள் வீடு. வீட்டுக்கு முன்னாலிருந்த வெறும் வளவில்தான் என் கணவர் பழைய வாகனங்களை வாங்கி விற்று வந்தார். வேன், ஓட்டோ, சின்னக் கார், எப்போதாவது ஒரு உழவு இயந்திரம். இவற்றின் நடுவே அந்த மஞ்சள் கார் இறங்கியபோது வீதியில் போன பஸ்கூட வேகத்தைக் குறைத்தது.

இரண்டே இருக்கைகள். எஞ்சின் பின்பக்கம். தரைக்கும் அதன் வயிற்றுக்கும் இடையில் என் கையை விரித்து வைத்தால் மிச்ச இடம் இருக்காது. கேற்றடி மேட்டில் ஏறும்போது அடிப்பாகம் உரசி ஒரு சத்தம் வந்தது. தன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர் போல அவர் முகத்தைச் சுளித்தார்.

"இத ஆரு வாங்கிற இஞ்ச?" என்று கேட்டேன்.

"இஞ்ச ஆரும் வாங்க வேணாம். கொழும்பில வாங்குவானுகள். நம்ம வெச்சிரிந்தாப் போதும்."

"வெச்சிரிந்து?"

"காணி மாதிரித்தான் புள்ள இது. நாள் போகப் போக ஏறும்."

வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த வருடங்கள் அவை. ஓடித் தேய்ந்த வேனை வாங்கி, இன்னும் ஒரு வருடம் ஓட்டித் தேய்த்து, வாங்கியதைவிடக் கூடிய விலைக்கு விற்ற காலம். எங்கள் வளவில் நின்ற எந்த வாகனமும் விலை குறைந்து போகவில்லை. நான் பாடசாலையில் கணக்கீடு கற்பிக்கிறேன். பெறுமானத் தேய்வு என்ற பாடத்தைக் கரும்பலகையில் எழுதும்போது, வாகனம் வருடா வருடம் மதிப்பிழக்கும் என்று சொல்வேன். அந்த வருடங்களில் பிள்ளைகள் சிரித்தார்கள். "டீச்சர், எங்கட அப்பாட மோட்டார் சைக்கிள் வாங்கினதவிட இப்ப கூட விலை" என்றாள் ஒருத்தி. நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். அதனால்தான், கிரான் வட்டையில் எனக்குச் சீதனமாக வந்த வயலை விற்க அவர் கேட்டபோது நான் எதிர்த்துப் பேசவில்லை. அந்த வயலும் எங்கள் கையிலிருந்த நல்ல வேன்களும் சேர்ந்துதான் அந்த மஞ்சள் காராக மாறின.

அதை விற்றவர் நாட்டை விட்டுப் போகிற ஒரு வியாபாரி. நடுவில் நின்றவர் கொழும்புத் தரகர் ஒருவர். இப்படிப்பட்ட கார் இனி இந்த நாட்டுக்கு வராது என்று அவர் சொன்னாராம். அந்த ஒரு சொல்லை என் கணவர் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் வந்த பயங்கள் சின்னவை. வளவில் தென்னைகள் நின்றன. தேங்காய் ஒன்று விழுந்தால் அந்தக் கூரையின் கதி என்ன? எல்லா மரங்களிலும் குரும்பை உட்படப் பறித்துவிட்டோம். பிறகு எலி. வயரைக் கடித்தால் அதற்குரிய வயர் இந்த நாட்டிலேயே கிடையாது என்று யாரோ சொன்னார்கள். கொட்டில் ஒன்று கட்டி, மூலைக்கு மூலை எலிப்பொறி வைத்தோம். அதன் பிறகு உப்புக் காற்று. கிழக்கே கடல், மேற்கே வாவி. எங்கள் வீட்டில் கதவுப் பூட்டே ஒரு வருடத்தில் துருப்பிடிக்கும். அவர் நாள்தோறும் காலையில் ஈரத்துணியாலும் பிறகு காய்ந்த துணியாலும் காரைத் துடைத்தார். நான் பாடசாலைக்குப் புறப்படும்போது அவர் அதன் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொண்டு டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். கால்கள் மட்டும் வெளியே தெரியும்.

ஓட்டினால் ஓடிய தூரம் கூடும். தூரம் கூடினால் விலை குறையும். ஓட்டாமல் விட்டால் பற்றரி இறங்கும், டயர் ஒரு பக்கம் சப்பையாகும், ரப்பர் வளையங்கள் காய்ந்து எண்ணெய் கசியும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீதியில் சனம் குறைந்த நேரம் பார்த்துக் குருக்கள்மடம் வரை போய்த் திரும்புவார். ஒரேயொரு முறை நானும் ஏறினேன். இருக்கை பள்ளத்துக்குள் இருந்தது. எதிரே வந்த லொறியின் சில்லு என் முகத்துக்கு நேரே உருண்டு வந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் மூச்சை அடக்கினார். நானும் அடக்கினேன். வீடு வந்து இறங்கியபோது என் உள்ளங்கை முழுக்க வியர்வை. அதற்குப் பிறகு நான் அதில் ஏறவில்லை.

இறக்குமதியைத் திறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு தொலைக்காட்சியில் வந்தபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுச் செய்தியைக் கேட்டார்.

"வரி கடுமையாப் போடுவாங்க" என்றார். "புதுசு வந்தாலும் ஆரும் எடுக்கேலா. நம்மட விலை நிக்கும்."

நான் தலையாட்டினேன். அவர் கை கழுவ எழுந்து போனபோது சாப்பாட்டுக் கோப்பையில் பாதிச் சோறு இருந்தது.

இறக்குமதி திறந்தது. வேன்களின் விலை உடனே பெரிதாக அசையவில்லை. தேவைக்கு வாங்குகிற சனம் எப்போதும் இருந்தது. அசைந்தது எங்கள் மஞ்சள் கார்தான். அதே வகைக் கார் ஒன்றைக் கொழும்பில் ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்தார். அவர் விலையைக் குறைத்தார். சில வாரத்தில் மீண்டும் குறைத்தார். பிறகு இன்னொருவர் அதைவிடக் குறைத்துப் போட்டார். என் கணவர் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. தேநீர் கொடுத்தால் ஒரு கையால் வாங்குவார், மற்றக் கைப் பெருவிரல் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும். விலை குறைந்த நாளை அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். அன்றைக்குக் காரைத் துடைக்க மாட்டார்.

ஒருநாள் அவர் தரகருடன் பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன். போனின் ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார்.

"அண்ணே, காசு உள்ளவன் புதுசு இறக்கப் போறான்" என்றார் தரகர். "காசு இல்லாதவனுக்கு இத வச்சுப் பராமரிக்க முடியாது. பிரேக் மாத்திற செலவில ஓட்டோ ஒண்டு வாங்கலாம். நடுவில யாருண்ணே இருக்கிறா வாங்க?"

"நீங்கதானே சொன்னீங்க, இனி வராதெண்டு?"

"அப்ப வராதுதானே அண்ணே."

கணவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு தரகர் எங்கள் அழைப்புக்குப் பதில் தருவது குறைந்து, நின்றே போனது.

இதற்குப் பிறகு என் பயம் வேறு இடத்துக்கு மாறியது. காருக்கு என்ன ஆகும் என்று யோசிப்பதை விட்டு, அவருக்கு என்ன ஆகும் என்று யோசிக்கத் தொடங்கினேன். அவர் சத்தமாகப் பேசுகிற மனிதர். வாகனம் பார்க்க வருகிறவனோடு பேரம் பேசும்போது அடுத்த வளவுக்குக் கேட்கும். அந்தச் சத்தம் இல்லாமல் போனது. வேன் கேட்டு வந்தவர்களிடம் "பிறகு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். கொட்டிலுக்குள் போய்க் காருக்குள் உட்கார்ந்துவிடுவார். எஞ்சினைப் போடுவதில்லை. கண்ணாடியை ஏற்றி, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, முன்னாலிருந்த தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நான் கண்ணாடியில் தட்டினால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். ஆனால் கண்ணாடியை இறக்க மாட்டார்.

ஒரு மாலை, "உன்ட வயல்" என்றார். அவ்வளவுதான்.

"வயல் போனாப் போகட்டும். நீங்க சாப்பிட வாங்க."

"ஓம், வாறன்" என்றார். வரவில்லை.

என் மூத்த அண்ணனிடம் சொல்லலாமா என்று பலமுறை யோசித்தேன். வயல் விற்றதே அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் வந்து இரண்டு சொல் கடுமையாகச் சொன்னால் இந்த மனிதர் என்ன செய்வார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. பாடசாலையில் இடைவேளை மணி அடித்தவுடன் கணவருக்குப் போன் எடுப்பேன். "என்ன?" என்பார். "ஒண்டுமில்ல" என்பேன். அந்த "என்ன?"வைக் கேட்டால் போதும், அடுத்த பாடம் வரை எனக்கு உயிர் இருக்கும்.

பிறகு மாரி வந்தது. அந்த முறை மழை விட்ட பாடில்லை. வாவி நிறைந்து, வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைகளுக்குள் ஏறத் தொடங்கியது. முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போய்விடும், இன்றைக்கு வெட்டுவார்கள், நாளைக்கு வெட்டுவார்கள் என்று சனம் பேசிக்கொண்டிருந்தது. பாடசாலைகளை மூடிவிட்டார்கள். எங்கள் வளவின் பின்பக்கம் கிணற்றுக் கட்டு வரை தண்ணீர் வந்தது. கொட்டில் அதற்கு எட்டிவிடும் தூரத்தில்தான் இருந்தது.

அன்று காலை நான் சமையலறையில் அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த எஞ்சின் சத்தம் கேட்டது. ஓடி வெளியே வந்தபோது கார் கேற்றைத் தாண்டிவிட்டது. மழைக்குள் அதன் பின்விளக்குகள் சிவப்பாகத் தெரிந்தன, பிறகு அதுவும் இல்லை. போன் எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மீண்டும் எடுத்தேன். மீண்டும்.

எங்காவது மேட்டுக்குக் கொண்டு போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல விசயம்தானே. ஆனால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே? மழை கோட்டைப் போட்டுக்கொண்டு வீதிக்கு ஓடினேன். அடுத்த ஒழுங்கையில் இருந்த ஓட்டோக்காரத் தம்பி தன் வண்டியை வீதி மேட்டில் ஏற்றி நிறுத்தியிருந்தார்.

"தம்பி, நம்மட காரக் கண்ட நீங்களா?"

"கண்டன் டீச்சர். ஆத்துப் பக்க ரோட்டால திரும்பினவர். அங்கால தண்ணியெல்லோ."

"என்னக் கொண்டு போங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வண்டியை எடுத்தார்.

ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியின் பக்கம் போகும் அந்த ஒழுங்கை பாதிக்குப் பிறகு தண்ணீருக்குள் இருந்தது. வேலிக் கதியால் கம்புகளைப் பார்த்துத்தான் எது பாதை என்று ஊகிக்க முடிந்தது. சில்லு மறையும் அளவுக்கு வந்ததும் ஓட்டோ நின்றது. நான் இறங்கி நடந்தேன். சேலை காலைச் சுற்றியது. முழங்கால் வரை தண்ணீர், குளிர். சற்றுத் தூரத்தில் ஒரு மதகு உண்டு. அதன் மேடு மட்டும் தீவுபோல வெளியே இருந்தது. அதன்மேல் அந்த மஞ்சள் கார் நின்றது.

சாரதிப் பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை.

இருக்கைமேல் மழை பெய்துகொண்டிருந்தது. அவ்வளவு துடைத்து வைத்த அந்தத் தோல் இருக்கையில் தண்ணீர் குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. பக்கத்து இருக்கையில் அவருடைய போன். திரையில் என் அழைப்புகள். கதவுக்குக் கீழே, மதகின் சீமெந்தில், அவருடைய செருப்புச் சோடி. யாரோ எடுத்து ஒழுங்காக வைத்ததுபோல ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருந்தது.

மதகுக்கு அப்பால் எல்லாம் தண்ணீர். ஒழுங்கையா, வயலா, வாவியா என்று பிரிக்க முடியாத ஒரே சாம்பல் நிறம். அதில் ஆகாயத் தாமரைக் கூட்டங்கள் மெதுவாகக் கடந்து போயின. நான் அவரைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். தண்ணீருக்குள் இறங்கப் போனபோது பின்னால் வந்த ஓட்டோக்காரத் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், இறங்காதீங்க. ஆழம் தெரியா."

"அவர் இறங்கிட்டாரே!"

"பொறுங்க. கேளுங்க. டீச்சர், கேளுங்க."

உழவு இயந்திரத்தின் சத்தம். மதகுக்கு அப்பால், மழைத் திரைக்குள்ளிருந்து முதலில் அதன் விளக்குத் தெரிந்தது. பிறகு ஓட்டுகிற மனிதர். அவருக்குப் பக்கத்தில் சில்லு மறைப்பில் குந்திக்கொண்டு, இடுப்பு வரை சேறாக, வெறுங்காலோடு, கையில் கயிற்றுச் சுருளோடு என் கணவர்.

நான் மதகின் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. பற்கள் மட்டும் அடித்துக்கொண்டன.

அவர் இறங்கி வந்தார். "நீ ஏன் வந்த? மட்டக்களப்புக்குக் கொண்டு போய் மாடிக் கட்டடத்தில விடுவமெண்டு எடுத்தன். பெரிய ரோட்டுல முன்னுக்குத் தண்ணியெண்டாங்க. இதால சுத்திப் போகலாமெண்டு வந்தா, மதகில ஏறினதும் ரெண்டு பக்கமும் தண்ணி ஏறிட்டு. இழுக்க ஆள் தேடிப் போனன்."

"போன்?"

"நனையுமெண்டு வெச்சன்."

"கதவு?"

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். திறந்த கதவையும் நனைந்த இருக்கையையும் அப்போதுதான் காண்பவர் போலப் பார்த்தார். உழவு இயந்திரக்காரர் கயிற்றைக் கட்ட முன்பக்கம் போய்விட்டார். ஓட்டோத் தம்பியும் உதவிக்குப் போனார். கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒள்ளுப்பம் நேரம் தண்ணிக்குள்ள நிண்டன்" என்றார். "போகட்டுமெண்டு நினைச்சன்."

"எது?"

மழை எங்கள் இருவரின் தலையிலும் பெய்தது.

"காரத்தான் புள்ள" என்றார்.

நான் அதை நம்பினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் கையைப் பிடித்தேன். விறைத்துப்போயிருந்தது. காரைக் கட்டி இழுத்து வீதி மேட்டுக்குக் கொண்டுவரும் வரைக்கும் அந்தக் கையை நான் விடவில்லை.

முகத்துவாரம் வெட்டிய பிறகு தண்ணீர் வடிந்தது. கொட்டிலுக்குள் கடைசிவரை தண்ணீர் வரவேயில்லை. கார் அங்கேயே நின்றிருந்தால் இருக்கைகூட நனைந்திராது. இதை நாங்கள் இருவரும் கண்டோம், இருவரும் பேசவில்லை.

நான் பேசியது வேறு. "இத விக்கிறம். ஆரு என்ன விலைக்குக் கேட்டாலும் விக்கிறம்."

"இப்ப வித்தா..."

"இப்பதான் விக்கிற."

நானே விளம்பரம் போட்டேன். நானே போனுக்குப் பதில் சொன்னேன். பலர் படம் பார்க்கவும் கதை கேட்கவும்தான் எடுத்தார்கள். கடைசியில் நீர்கொழும்புப் பக்கத்தில் கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிற ஒருவர், தன் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்தார். மரியாதையான மனிதர். மெக்கானிக் கீழே படுத்து நெடுநேரம் பார்த்தார். துருவையும், அடிப்பாகத்தில் வெள்ளம் விட்ட சேற்றுக் கறையையும் காட்டினார். டயரின் பக்கத்தில் அச்சடித்திருந்த வருடத்தைக் காட்டினார். இருக்கைத் தோலில் மழை விட்ட வெள்ளைப் படையை விரலால் தடவினார். ஒவ்வொன்றுக்கும் என் கணவர் சுவரைப் பார்த்தார்.

"அக்கா, மறைக்காமச் சொல்றேன்" என்றார் வாங்க வந்தவர். "தட்டுப்பாடு இருந்த நேரம் நீங்க வாங்கியிருக்கீங்க. இப்போ தட்டுப்பாடு இல்ல." பிறகு ஒரு தொகை சொன்னார். நாங்கள் கொடுத்ததில் பாதிக்கும் குறைவு.

கணவர் எழுந்தார். "பாதிகூட இல்ல! ரோட்டில நிண்டு குடுக்கிற விலையா இது?"

அவ்வளவு காலத்துக்குப் பிறகு அவருடைய அந்தப் பழைய சத்தத்தைக் கேட்டேன். அடுத்த வளவில் நாய் குரைத்தது. எனக்கு அழுகையும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. கூடவே, வாங்க வந்தவர் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயமும் வந்தது. அவர் போய்விட்டால் அடுத்து ஒருவர் வருவார் என்று எந்த உறுதியும் இல்லை.

"நீங்க இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க" என்றேன் வந்தவரிடம். "நாங்க இண்டைக்கே தாறம்."

அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். கொஞ்சம் கூட்டினார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய தோள் மெல்ல இறங்கியது.

"சரி, எடுங்க" என்றார்.

லொறியில் ஏற்றும்போது அவர் வெளியே வரவில்லை. சமையலறையில் உட்கார்ந்து, நான் வைத்த சோற்றைத் தின்றார். மீன் குழம்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். நான் சட்டியை அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.

வந்த காசில் வயலைத் திரும்ப வாங்க முடியாது. கேட்டுப் பார்த்தோம், வயலின் விலை ஏறியிருந்தது. என் அண்ணன் விசயம் அறிந்து வந்தார், நான் பயந்த அளவுக்குப் பேசவில்லை, தேநீர் குடித்துவிட்டுப் போனார். இப்போது வளவில் ஓட்டோக்களும் சின்ன வேன்களும் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் வாங்கும் முன் யார் இதை எடுப்பார்கள் என்று நான் கேட்கிறேன். ஆளைச் சொன்னால்தான் சரி என்கிறேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே சொல்கிறார்.

ஆனால் மழை நாளில் அவர் நேரம் பிந்தினால் எனக்கு வீட்டுக்குள் நிற்க முடிவதில்லை. போன வாரமும் அப்படித்தான். களுவாஞ்சிகுடியில் வேன் ஒன்று பார்க்கப் போனவர் இருட்டுகிற வரைக்கும் வரவில்லை. போன் எடுத்தேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"என்ன புள்ள?"

"ஒண்டுமில்ல. எங்க நிக்கிறீங்க?"

"பாலத்தடியில. பஸ்ஸுக்குள்ள இரிக்கன். வாறன்."

பின்னால் நடத்துநர் டிக்கெட் கேட்கும் சத்தம் கேட்டது. ஆனாலும் நான் போனை வைக்கவில்லை. பஸ் எங்கள் வளவுக்கு முன்னால் வந்து நிற்கும் வரைக்கும் ஏதேதோ பேசி அவரை வைக்க விடாமல் வைத்திருந்தேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.